வல்வில் ஓரியும் வானத்து ஓரியனும்

சென்ற மார்கழித் திங்களில் நம் இலக்கிய வட்டத்தின் கவியரங்கம், கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டில், உறுப்பினர் ஒருவரின் இல்லத்து முற்றத்தில் நடைபெற்றது. கூட்டம் முடியும் தறுவாயில் மின்சாரம் நின்றுவிட்டது. விளக்கு வரும்வரை காத்திராமல் இளங்கவிஞர் ஒருவர் எழுந்து, கீழ்வானில் ஏறி நின்ற விண்மீன் கூட்டம் ஒன்றைச் சுட்டிக்காட்டிக் கவிதை சொல்லத் தொடங்கினார். இடையில் மூன்று மீன்கள் கச்சை கட்டினாற்போல் வரிசையில் நிற்க, தோளில் செந்நிற மீன் ஒன்று சுடர, கையில் வில்லேந்தி நிற்கும் அவ்வேட்டுவனைக் கிரேக்கர் ‘ஓரியன்’ என்று அழைத்தனர். அவன் வேறு யாருமல்லன், நம் கொல்லிக் கோமான் வல்வில் ஓரியே என்பது அக்கவிதையின் கருத்து. கைத்தட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. நானும் கை தட்டினேன்.

கூட்டம் கலைந்தபின் அவர் என்னிடம் வந்து, “அம்மா, இதையே நீங்கள் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாகப் பத்தாம் ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள். கவிஞன் சொன்னால் கற்பனை என்பார்கள், முனைவர் பட்டம் பெற்ற நீங்கள் சொன்னால் உலகம் ஒப்புக்கொள்ளும்” என்றார். எழுதித் தருவதாக வாக்களித்துவிட்டேன். அக்கட்டுரை இதுதான். அவர் விரும்பிய முடிவு இதில் இல்லை. எனினும், தமிழ் மண்ணுக்கும் கிரேக்கப் பெயர் தாங்கிய வானத்திற்கும் உண்மையாகவே ஓர் உறவு உண்டு என்பதை அவரும் நம் வட்டத்து அன்பர்களும் அறிந்து மகிழ்வர் என்று நம்புகிறேன்.

ஒலி ஒப்புமையும் வரலாறும்

ஓரியைப் பற்றி நாம் அறிந்தவை சங்கப் பாடல்கள் தருபவை. கடையெழு வள்ளல்களுள் ஒருவன்; கொல்லிக்குத் தலைவன்; ஓரி என்னும் பெயருடைய குதிரையை ஊர்ந்தவன். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பின்மேல் சென்று தைத்ததாக வன்பரணர் பாடுகிறார். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்றபின் கொல்லி சேரர்க்கு உரியதாயிற்று. இன்றும் செம்மேட்டில் அவன் சிலை நிற்கிறது. ஆடித் திங்களில் அவன் பெயரால் விழா எடுக்கிறோம்.

இனி, கிரேக்க ஓரியனை நோக்குவோம். அவனும் பெருவேட்டுவன். நிலவுலகில் உள்ள விலங்குகளையெல்லாம் கொல்வேன் என்று அவன் செருக்குற்றதால் நிலமகள் ஒரு தேளை அனுப்பினாள் என்றும், அது கொட்டி மாண்டான் என்றும் கதை கூறும். தேள் வடிவிலான விண்மீன் கூட்டம் கிழக்கே எழும்போது ஓரியன் மேற்கே மறைந்து விடுவதை இன்றும் காணலாம். பகைவர் இருவரும் ஒரே நேரத்தில் வானில் நிற்பதில்லை என்று கிரேக்கர் அக்காட்சிக்குப் பொருள் கண்டனர்.

இவ்விருவரும் ஒருவரே எனக் கொள்வதற்கு மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, காலம். ஓரியன் என்னும் பெயர் ஓமரின் காவியங்களிலேயே இடம் பெற்றுள்ளது. அக்காவியங்கள் கி.மு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டியவை என்பர். நம் ஓரி அதற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவன். பின்னே பிறந்தவன் பெயர் முன்னே பாடப்பட்ட காவியத்திற்குள் புகுதல் இயலாது. இரண்டாவது, படைக்கலம். ஓமர் காட்டும் ஓரியனின் கையில் இருப்பது வெண்கலத் தடி. வில்லைக் கொடுத்தவர் நம் கவிஞர். மூன்றாவது, சொல். பிடரி மயிர், ஆண் நரி, முதிர்ந்த தேனில் தோன்றும் நீலநிறம் எனத் தமிழில் ஓரிக்குத் தனிப்பொருள்கள் உண்டு. அச்சொல்லை விளக்கக் கடல் கடந்து போக வேண்டிய தேவை இல்லை.

ஒலி ஒத்திருப்பதைக் கண்டவுடன் உறவு கொண்டாடும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. வராகமிகிரர் தம் பிருகச்சாதகத்தில் ‘ஓரா’ என்னும் சொல்லுக்கு விளக்கம் தருமிடத்தில், பகலும் இரவும் சேர்ந்த நாளைக் குறிக்கும் ‘அகோராத்ரா’ என்ற வடசொல்லின் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் கெட்டு அது பிறந்தது என்ற கருத்தைக் குறிக்கிறார். அது கிரேக்கச் சொல் என்பது இன்று ஆய்வாளர் பெரிதும் ஒப்பிய முடிபு. பேரறிஞர்க்கும் நேர்ந்த இச்சறுக்கல் நமக்கு நேராதிருத்தல் வேண்டும்.

ஒரு வானம், இரு கதைகள்

பெயரில் உறவு இல்லை என்றால் வேறு எதில் உறவு? வானத்தைப் பார்த்த கண்ணில் உண்டு. ஓரியனுக்குச் சற்று மேற்கே சிறு மீன்கள் செறிந்த கூட்டம் ஒன்றை அன்றிரவு நாம் எல்லோரும் பார்த்தோம். நாம் கார்த்திகை என்கிறோம். சங்கப் புலவர் அறுமீன் என்றனர். கிரேக்கர் அதனைப் பிளீயதீசு என்றழைத்து, அத்திலசு என்பானின் ஏழு மகளிர் என்றனர். ஓரியன் அவர்களைத் துரத்தினான் என்றும், காக்கும் பொருட்டுத் தேவர்கோன் அவர்களை வானில் அமர்த்தினான் என்றும் கூறினர்.

எண்ணிக்கை ஏழு, கண்ணுக்குத் தெரிபவையோ ஆறு. ஏழாமவள் எங்கே? மெரோப்பி என்பவள் தேவரை விடுத்து மானிடன் ஒருவனை மணந்தாள். அந்த நாணத்தால் முகம் மறைத்தாள் என்பது கிரேக்கர் தந்த விடைகளுள் ஒன்று. நம் நாட்டிலும் ஏழு என்ற எண்ணே தொடக்கம். ஏழு முனிவரின் மனைவியர் எழுவர். அவருள் அறுவர் ஐயத்திற்கு ஆளாகி நீக்கப்பட்டுக் கார்த்திகை மீன்களாயினர், முருகனுக்குத் தாயராயினர். எஞ்சிய ஒருத்தி அருந்ததி. கணவனைப் பிரியாது எழுமீனிடையே நிற்கின்றாள். அவளையே நம் புலவர் வடமீன் என்று கற்புக்கு உவமை கூறினர்.

கிரேக்கர் கதையில் மறைந்தவள் பழிக்கு உரியவள். நம் கதையில் பிரிந்து நிற்பவள் புகழுக்கு உரியவள். கதைகள் நேர்மாறானவை. ஆயினும், வானத்தில் ஒரு மீன் குறைந்ததற்கும் விலகியதற்கும் இரு நாட்டாரும் பெண்ணின் ஒழுக்கத்தையே காரணமாகத் தேடினர் என்பதைப் பெண்ணாகிய நான் குறிக்காமல் செல்லுதல் இயலவில்லை. இவ்வொப்புமையைக் கொண்டு ஒரு கதையிலிருந்து மற்றொன்று பிறந்தது எனத் துணிதல் கூடாது. ஒரே காட்சி இரு மக்களை ஒரே வினாவைக் கேட்கச் செய்தது என்று கொள்வதே பொருந்தும்.

ஆடு வந்தது, கதை வரவில்லை

கொடுக்கல் வாங்கல் அறவே இல்லை என்பதும் சரியன்று. யவனரின் மரக்கலம் நம் துறைகளுக்கு வந்ததைச் சங்க இலக்கியம் பாடுகிறது. வானியற் கருத்துகளும் வந்தன. பன்னிரண்டு ஓரைகளாக வான்வழியைப் பகுக்கும் முறை பாபிலோனில் தோன்றிக் கிரேக்கர் வழியே பாரத நாட்டிற்கு வந்தது என்பது வானியல் வரலாற்றாரின் கருத்து. நெடுநல்வாடையில் அரசியின் கட்டில் மேலுள்ள விதானத்தில் ஆட்டை முதலாகக் கொண்ட அவ்வான்வழி ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது.

கிரேக்கரிடம் அந்த ஆட்டிற்கு ஒரு கதை உண்டு. அது பொன்மயிர் ஆடு. மாற்றாந்தாயின் கொடுமையிலிருந்து பிரிக்சசு, எல்லி என்னும் உடன்பிறந்தார் இருவரைச் சுமந்துகொண்டு வானில் பறந்தது. தங்கை வழியில் கடலில் வீழ்ந்தாள். அண்ணன் மட்டும் கரை சேர்ந்தான். இக்கதையின் சாயல் நெடுநல்வாடையில் இல்லை. அரசி அவ்வோவியத்தில் காண்பது திங்களைப் பிரியாத உரோகிணியை. கண்டு, பிரிந்து சென்ற தன் கணவனை நினைந்து பெருமூச்சு விடுகிறாள். ஆடு வந்தது, ஆட்டின் கதை வரவில்லை. வந்த உருவத்தின் அருகிலேயே நம் உரோகிணியை நிறுத்தி, அவள் வாயிலாக ஒரு தமிழ்ப் பெண்ணின் தனிமையைப் பாடினார் நக்கீரர்.

தொல்காப்பியத்தில் வரும் ‘ஓரை’ என்னும் சொல்லையும் இங்கே கருத வேண்டும். அது கிரேக்கச் சொல்லே என வையாபுரிப் பிள்ளை அவர்கள் கொண்டு, நூலின் காலத்தைக் கணிக்கும் சான்றுகளுள் ஒன்றாக்கினார். தமிழ்ச் சொல்லே என்று மறுத்த அறிஞரும் உளர். சங்க இலக்கியத்தில் ஓரை என்பது மகளிர் விளையாட்டைக் குறிப்பதும் நாம் அறிந்ததே. இவ்வழக்கு எப்படி முடியினும் ஒன்று தெளிவு: வெளியிலிருந்து வந்த வான்பெயரைக் கையேற்கும்போதும் தம் கதையைத் தாமே சொல்லும் ஆற்றல் அன்றைய புலவர்க்கு இருந்தது.

சென்னையில் பிறந்த கிரேக்கப் பெயர்கள்

இனி, பதினெட்டு நூற்றாண்டுகளைத் தாண்டிச் சென்னைக்கு வருவோம். கிரேக்க, உரோமப் பெயர்கள் தாங்கிய வான்பொருள்கள் சில முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

கிழக்கிந்தியக் குழுமத்தின் வானாய்வகம் 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் அமைந்தது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், அதை அமைத்த மைக்கேல் தாப்பிங்கின் பெயரோடும், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளோடும் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. ஆசியாவில் கணித அறிவியல் ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும் அறிய வேண்டும் என்பது அக்கல்வெட்டின் நோக்கம். எழுமீனையும் வடமீனையும் பெயரிட்டு அறிந்த நாட்டில் அப்படி எழுதினார்களே என்று புன்னகை செய்துவிட்டு, அங்கு நடந்த பெரும்பணியை மதிப்போம். 11,015 விண்மீன்களின் நிலையைக் கணித்த டெய்லரின் பட்டியல் 1844இல் வெளிவந்தது இங்கிருந்துதான்.

1861இல் நார்மன் இராபர்ட் போக்சன் இவ்வானாய்வகத்தின் தலைமையை ஏற்றார். விண்மீன்களின் ஒளித்தரத்தை இன்று உலகம் அளக்கும் முறையை 1856இல் வகுத்தவர் அவர். ஆக்சுபோர்டில் இருந்தபோதே ஐசிசு, அரியாத்தினி, எசுதியா என மூன்று சிறுகோள்களைக் கண்டிருந்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே கதிரவனைச் சுற்றும் சிறு பொருள்களுள் முதலாவதை 1801இல் கண்டவர்கள், தானியத்திற்குரிய உரோமத் தெய்வமான சிரீசின் பெயரை அதற்குச் சூட்டினர். அதுமுதல் அவற்றிற்குப் பழங்கதைப் பெண்களின் பெயரை இடுதல் மரபாயிற்று.

சென்னைக்கு வந்த சில மாதங்களில், 1861 ஏப்பிரலில், போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதல் காணப்பட்ட சிறுகோள் அது. ஆகவே ஆசியா என்று பெயரிட்டார். ஆசியா என்பாள் கிரேக்கக் கதையில் கடலரசன் ஓசியானசின் மகளரில் ஒருத்தி. தொடர்ந்து 1864இல் சாப்போ, 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா, 1885இல் வேரா ஆகியவற்றைக் கண்டார். சில்வியா உரோம நகரைத் தோற்றுவித்த இரட்டையரின் தாய். கமில்லா வர்சிலின் காவியத்தில் வரும் வீரமகள். வேரா என்பது வாய்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல். சில்வியாவை இரு சிறு நிலவுகள் சுற்றுவது 2001இலும் 2004இலும் கண்டறியப்பட்டபோது, அவற்றிற்கு அவள் மைந்தர் பெயர்களான உரோமுலசு, இரேமசு என்பவற்றையே சூட்டினர். பெயரோடு கதையும் தொடர்ந்து வாழ்வதற்கு இது நல்ல சான்று.

இவற்றுள் கவிஞர்களாகிய நீங்கள் நினைவிற் கொள்ள வேண்டியது சாப்போ. அவர் கதைமாந்தர் அல்லர், கி.மு. 600ஐ ஒட்டி இலெசுபோசு தீவில் வாழ்ந்த பெண்பாற் புலவர். அவர் பாடல்களில் பெரும்பகுதி அழிந்து துணுக்குகளே எஞ்சின. நிலவும் கார்த்திகை மீன்களும் மறைந்த நள்ளிரவில் தனித்துக் கிடக்கும் பெண்ணொருத்தியின் சிறு பாடல் ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது. அது அவருடையதுதானா என ஐயுறுவாரும் உளர். குறுந்தொகை பயின்றவர்க்கு அக்குரல் அயலானதாகத் தோன்றாது.

சென்னை மாநகரில் 1864இல் ஒரு வான்பொருளுக்குப் பெண்பாற் புலவர் பெயர் வேண்டியிருந்தது. கிடைத்த பெயர் சாப்போ. அந்த ஆண்டில் வெள்ளிவீதியாரின் பாடல்கள் ஓலைச் சுவடியில் உறங்கின. புறநானூறு அச்சேறியது 1894இல். குறுந்தொகையும் நற்றிணையும் அச்சேறியது 1915இல். போக்சன் நம் புலவரைப் புறக்கணித்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாமே அப்பெயரை மறந்திருந்த காலத்தில் அவர் யாரிடம் கேட்டிருப்பார்?

பெயர் பெற்றவரும் பெறாதவரும்

அதே வானாய்வகத்தில் போக்சனின் தலைமை உதவியாளராக விளங்கியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. 1867இல் தென்வானத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளி கதிரவனைக் கடந்த நிகழ்ச்சியை மக்கள் அறிய, இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவந்த ஒரு சிறுநூலை எழுதினார். ஒளி மாறும் விண்மீன்களை எழுத்துக் குறியால் சுட்டுவது வானியலார் வழக்கம். ஆதலின் அவர் கண்ட மீனுக்குக் கதையும் இல்லை, பெயரும் இல்லை.

மற்றொருவர் போக்சனின் மகள் எலிசபெத் ஐசிசு. தந்தை கண்ட சிறுகோளின் பெயரும் மகள் பெயரும் ஒன்றே. 1873 முதல் சென்னை வானாய்வகத்தில் கால் நூற்றாண்டு பணியாற்றினார். இலண்டன் வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தந்தை 1886இல் அவர் பெயரை முன்மொழிந்தார். பெண்களைச் சேர்க்க விதி இடந்தராது என்று அது கைவிடப்பட்டது. 1920இல்தான் அவர் உறுப்பினரானார். வானத்துப் பொருள்களுக்கெல்லாம் பெண்ணின் பெயரைத் தேடித் தேடி வைத்த காலம் அது. அவற்றை இரவெல்லாம் கணக்கிட்ட பெண்ணுக்கு மன்றத்தில் ஓர் இருக்கை கிடைக்க முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

காவலூரும் வெள்ளிக்கோளும்

வேரா காணப்பட்டு ஒரு நூற்றாண்டு கடந்தபின், 1988 பிப்பிரவரி 17ஆம் நாள், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் இரா. இராசமோகன் ஒரு சிறுகோளைக் கண்டார். கொல்லியைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று சவ்வாது மலை. கண்டவர் முன்மொழியும் பெயரைப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஏற்பது முறை. அதன்படி 4130 என்னும் எண்ணுடைய அச்சிறுகோள் இராமானுசன் எனப் பெயர் பெற்றது. ஈரோட்டில் பிறந்த கணித மேதை, ஆசியாவும் சாப்போவும் உலாவும் வெளியில் இன்று தாமும் உலாவுகிறார்.

இன்னொரு செய்தி உங்களுக்கு மேலும் உவகை தரும். நாம் வெள்ளி என்றழைக்கும் கோளை உரோமர் வீனசு என்றனர். கிரேக்கரின் அப்ரோதிதி என்னும் காதல் தெய்வமும் அவளே. அக்கோளின் நிலப்பகுதிகளுக்குப் பெண்களின் பெயரையே சூட்டுவது மரபு. அங்குள்ள எரிமலை வாய் ஒன்று சாப்போவின் பெயரைத் தாங்குகிறது. முழுமையாகக் கிடைத்துள்ள சாப்போவின் பாடல் அப்ரோதிதியை வேண்டிப் பாடியது என்பதை எண்ணும்போது அப்பெயரின் பொருத்தம் விளங்கும். அதே கோளில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் ஒன்றுக்கு 1991இல் நம் ஔவையாரின் பெயர் சூட்டப்பட்டது. பட்டியலில் எழுத்துச் சற்றே திரிந்து ‘அவ்வியார்’ என உள்ளது. திரிந்தாலும் நம் ஔவைதான். கிரேக்கப் பெண்பாற் புலவரும் தமிழ்ப் பெண்பாற் புலவரும் ஒரே கோளில் இடம் பெற்றிருக்கிறார்கள்.

ஆத்திசூடியைக் குழந்தைகள் வாயிலிருந்து இறங்கவிடாத இந்த நாடு ஔவையின் பெயரை மறக்கவில்லை. ஆகையால் அப்பெயர் கடல் கடந்தும் தெரிந்திருந்தது. வெள்ளிவீதியார்க்கும் காக்கைபாடினியார் நச்செள்ளையார்க்கும் அந்த வாழ்வு வேண்டாமா? வெள்ளிவீதியாரின் பெயரிலேயே வெள்ளி இருக்கிறது என்று சொல்ல நா எழுகிறது. இதுவும் ஓரி, ஓரியன் போன்ற ஒலி ஒப்புமைதானே என்று இளங்கவிஞர் என்னை மடக்கலாம். உண்மைதான். அவர் அதனை வரலாறு என்றார். நான் இதனை விண்ணப்பமாக வைக்கிறேன்.

நிறைவாக

வானத்தில் புதியன கண்டவர்க்குப் பெயரிடும் உரிமை உண்டு. அவர் கைக்கு எட்டும் பெயரைக் கொடுப்பது, தம் இலக்கியத்தைப் பேணி, பதிப்பித்து, பிறர்க்கும் எடுத்துச் சொல்லும் மக்களின் கடமை. நம் வட்டம் பத்தாண்டுகளாக இம்மலையில் சங்கப் பாடல்களை உரக்கப் படித்து வருவது அக்கடமையின் ஒரு சிறு பகுதி. அடுத்த பத்தாண்டில் இன்னொன்றையும் செய்யலாம். கார்த்திகைக்கும் விடிவெள்ளிக்கும் மற்ற மீன்களுக்கும் நம் நாட்டு முதியோர் வழங்கும் பெயர்களையும் கதைகளையும், கேட்டவாறே, திருத்தாமல் எழுதி வைக்கலாம். சுவடிக்கு நேர்ந்தது வாய்மொழிக்கும் நேர்ந்துவிடலாகாது.

இளங்கவிஞர்க்கு ஒரு சொல். உங்கள் கவிதையைக் கிழித்துவிடாதீர்கள். ஓரியனைக் கண்டு ஓரியை நினைத்தது கவிதைக்குப் போதும். கல்வெட்டுச் சான்று அதற்கு வேண்டியதில்லை. நக்கீரரும் வந்த ஆட்டை விட்டுவிட்டு நம் உரோகிணியைத்தானே பாடினார்? வன்பரணர் பாடலை மட்டும் மீண்டும் ஒருமுறை படியுங்கள். காட்டில் எதிர்ப்பட்ட வேட்டுவன் இன்னான் என்றறியாமலே புலவர் அவன் முன் பாடுகிறார். பாட்டின் இறுதியில் ‘கோ’ என்று விளித்ததும், அது தன்னையே குறித்தது என உணர்ந்து அவன் நாணுகிறான். பின்னர் மானூனும் மதுவும் தந்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளித் தருகிறான். தன் புகழைத் தன் எதிரே கேட்கவும் கூசிய ஒருவனுக்கு, கிரேக்கர் வானத்தில் ஓர் இடம் பெற்றுத்தர நாம் பொய் சொல்ல வேண்டியதில்லை. இந்த மலை இருக்கிறது. வன்பரணர் பாட்டும் இருக்கிறது.